பழைய பூச்சாடியில் மறுபடி நடும் முன்: கழுவுவது, கிருமி நீக்குவது, கழுவிய தண்ணீரை ஊற்றுவது

தலவாக்கலைப் பக்கம் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். போன வருசம் தக்காளியும் கறிமிளகாயும் பச்சையாகவே வாடிச் செத்த சாடிகள் முப்பது கிடக்கின்றனவாம். பாதி மண் சாடி, மீதி பிளாஸ்டிக், நாலைந்து ரெஜிபோம் நாற்றுத் தட்டும் உண்டு. இந்த முறை பாதியில் கறிமிளகாயும் பாதியில் அம்மாவுக்குப் பிடித்த ஜெரேனியமும் வைக்கப் போகிறார். மண்ணைத் தட்டிவிட்டு இரண்டு நாள் வெயிலில் போட்டால் போதுமா, இல்லாவிட்டால் ஏதாவது மருந்தில் முக்கி எடுக்க வேண்டுமா என்பது கேள்வி.

வெயில் போதாது தங்கச்சி. ஆனால் மருந்துக்கு ஓடும் முன் செடி எதனால் செத்தது என்று பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது அந்தப் "பச்சையாகவே வாடி" என்ற சொல்தான். இலை மஞ்சளாகாமல், புள்ளி விழாமல், மத்தியானம் தொங்கி, முதல் ஓரிரு நாள் இரவில் கொஞ்சம் தெளிந்து, பிறகு ஒரேயடியாகச் சாய்ந்திருந்தால் அது பெரும்பாலும் பக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா என்ற பக்டீரியா செடியின் தண்ணீர்க் குழாய்களுக்குள் பெருகி அடைத்துவிடும், வேரைச் சுற்றித் தண்ணீர் இருந்தும் செடி தாகத்தில் சாகும். நுவரெலியா, வெலிமடை உருளைக்கிழங்குக்காரர்களுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி எந்தச் செடியாவது அப்படி வாடினால் உடனே பிடுங்கி வீசாமல் ஒரு சோதனை செய்து பாருங்கள். அடித்தண்டை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, சுத்தமான தண்ணீர் உள்ள கண்ணாடிக் கிளாஸில் வெட்டுமுனை மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று கீழே இறங்கினால் பக்டீரியா வாடல்தான். தண்டுக்குள் பழுப்புக் கோடு இருந்தும் பால் இறங்காவிட்டால் பியூசேரியம் போன்ற பூஞ்சணமாக இருக்கலாம். நாற்று முளைத்துச் சில நாளில் கழுத்து மெலிந்து விழுந்தால் அது நாற்றழுகல், பித்தியம், ரைசொக்டோனியா மாதிரியானவை. வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் வட்டப்புழு.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்கள் திட்டத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. தக்காளி செத்த சாடியில் ஜெரேனியம் வைத்தால் வேறு குடும்பத்துச் செடிதானே, நோய் தொடராது என்று நினைப்போம். ஆனால் குளிர் பிரதேசத்தில் உருளைக்கிழங்கைக் கொல்லும் அதே ரால்ஸ்டோனியா வகை ஜெரேனியத்தையும் பிடிக்கும். 2003இல் கென்யாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஜெரேனியத் தண்டுகளில் இது இருந்தது தெரியவந்து, அங்கே ஏராளமான செடிகளை அழித்தார்கள். இதைவிட மோசம், குளிரில் இருக்கும்போது ஜெரேனியம் நோயை உள்ளே வைத்துக்கொண்டு ஒன்றுமில்லாத மாதிரி நிற்கும். நம் மலைக் குளிருக்கு அது மாதக்கணக்கில் நல்லாகவே தெரியலாம், நீங்களும் அதிலிருந்து தண்டு ஒடித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். ஆகவே உங்களுடைய முப்பது சாடிகளையும் சும்மா தட்டிப் போட்டு நடக்கூடாது.

எல்லாச் சாடிக்கும் இந்தப் பாடு தேவையில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல ஆரோக்கியமாக இருந்த செடியை எடுத்த சாடியில் வளர்ந்த பெகோனியாவோ ரோசாவோ வைக்கப் போகிறீர்கள் என்றால் பிரஷ் போட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவினால் தாராளம். விதை போடும் சாடி, தண்டு ஊன்றும் சாடி, செடி செத்த சாடி, எங்கிருந்து வந்தது என்று தெரியாத சாடி, இவற்றுக்குத்தான் முழு வேலையும். இளம் நாற்றுக்கும் வெட்டுக்காயத்தோடு இருக்கும் தண்டுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைவு, பெரிய செடி தாங்கும் கிருமியை அவை தாங்காது.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன், நிறையப் பேர் இதைத்தான் நம்புகிறார்கள். வெயிலால் மண்ணைச் சுத்திகரிக்கும் முறை உண்மைதான், கண்ணாடி மாதிரித் தெளிவான பொலித்தீனால் மூடி, உள்ளே 40 முதல் 50 பாகை வரை சூடேற்றி, நாலு முதல் ஆறு கிழமை வரை வைப்பார்கள். யாழ்ப்பாணத்திலோ தம்புள்ளையிலோ அது நடக்கும். நுவரெலியாவில் பகல் சூடே 20 பாகையை ஒட்டித்தான் இருக்கும். தலவாக்கலை, ஹட்டன் பக்கம் மே தொடங்கிப் புரட்டாசி வரை மழையும் பனிமூட்டமும்தான், உடுப்பே காயாது. அந்த மாதங்களில் வெலிமடை, பண்டாரவளைக்காரர்களுக்கு நல்ல காய்ச்சல் கிடைக்கும், அவர்களுக்கு உலர்த்தல் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் அங்கேயும் உலர்ந்தால் சாவது கிருமியில் ஒரு பகுதிதான். உறங்கு வித்தாகத் தடித்த ஓட்டுக்குள் கிடக்கும் பூஞ்சணமும், நுவரெலியா மண்ணில் இருக்கும் உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு வட்டப்புழுவும், கோவா வேரை வீங்கவைக்கும் கிளப்ரூட் நோயின் வித்தும் காய்ச்சலுக்கு அசையாமல் வருசக்கணக்கில் காத்திருக்கும்.

சரி, வேலையைப் பார்ப்போம். இதில் முக்கியமான கட்டம் எது என்று கேட்டால் நான் பிரஷ்தான் என்பேன், உடுப்பு வெளுக்கும் குளோரின் இரண்டாவது. ஒரு பூந்தோட்டத் தவறணையில், அதாவது நாற்று வளர்க்கும் இடத்தில், பல வருசம் வேலை செய்தேன். சேர்ந்த புதிதில், அவசரத்தில், பாதி மண் ஒட்டியிருந்த சாடிகளை அப்படியே குளோரின் வாளியில் முக்கி எடுத்து, வாசனை தூக்கலாக இருக்கிறது, கிருமி செத்திருக்கும் என்று நம்பிக் கறிமிளகாய் நட்டோம். நட்டதில் பாதிக்கு மேல் கழுத்து அழுகி விழுந்தது, சாடியின் அடி விளிம்பில் ஒட்டியிருந்த பழைய வேரில்தான் கிருமி இருந்தது என்று பிறகுதான் விளங்கியது. குளோரின் மண்ணையும் வேரையும் இலையையும் தொட்டவுடன் அவற்றோடு வேலை செய்து தன் பலத்தை இழந்துவிடும். சேறு கலந்த வாளியில் கடைசிச் சாடி போகும் நேரத்துக்கு அது வெறும் தண்ணீர். மண்ணை முழுக்க எடுக்காமல் ஊற்றும் மருந்து காசைக் கரைப்பதுதான்.

ஆகவே முதலில் காய்ந்த மண்ணைத் தட்டிச் சுரண்டி எடுங்கள், ஈரமாக இருந்தால் ஒரு நாள் காயவிட்டால் தானாக உதிரும். அடியில் உள்ள ஓட்டையைச் சுற்றி, வாய் விளிம்பின் உள்மடிப்பில், பிளாஸ்டிக் சாடியின் அடிக்கோடுகளில்தான் வேர் இழைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், பழைய பல்துலக்கும் பிரஷ் அதற்கு நல்லது. விளிம்புக்கு அடியில் முத்து முத்தாக நத்தை முட்டை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு, மண் சாடியைத் தும்புப் பிரஷாலும் பிளாஸ்டிக்கை ஸ்பொஞ்சாலும் தேய்த்து, தண்ணீர் கலங்காமல் ஓடும் வரை அலசுங்கள். பிளாஸ்டிக்கைக் கம்பிப் பிரஷால் தேய்க்காதீர்கள், விழும் கீறலுக்குள் கிருமி குடியேறும்.

மண் சாடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது பசளை உப்பு, நம் மலைத் தண்ணீரில் சுண்ணாம்பு பெரும்பாலும் குறைவு என்பதால் அதிகமாகப் பசளை போட்டதற்கு அடையாளம் என்றே எடுக்கலாம். வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஒரு மணித்தியாலம் ஊறவைத்துத் தேய்த்தால் இளகும். பச்சைப் பாசி நோய் கிடையாது, வெளிப்பக்கம் அழகுக்கு விடுவதானால் விடலாம், உள்பக்கம் மட்டும் எடுத்துவிடுங்கள்.

இங்கே கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று. வினாகிரியும் குளோரினும் ஒரு வாளியில் சேரவே கூடாது, சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் பிடிக்கும். தேசிக்காய்ச் சாறு, கழிப்பறை கழுவும் அமிலத் திரவம், இவையும் அப்படியே. அமோனியா உள்ள எதோடும், யூரியாவோடும் சேர்க்கக்கூடாது. எங்கள் தவறணையில் ஒருவர் வினாகிரி வாளியைக் கழுவாமலேயே அதில் குளோரினை ஊற்றி, கண் எரிந்து மூச்சு முட்டி வெளியே ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். வினாகிரிக்குப் பிறகு சாடியை நன்றாக அலசி, குளோரினுக்கு வேறு வாளி எடுங்கள். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு காம்பராவுக்குள் செய்யாதீர்கள், திறந்த வாசலில், கையுறை போட்டு, சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திச் செய்யுங்கள்.

அளவு: கடையில் வாங்கும் உடுப்பு வெளுக்கும் குளோரின் திரவம் பொதுவாக 5 சதவீதம் சொச்சம் இருக்கும், போத்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு, அதாவது 10 லீற்றர் வாளிக்கு 1 லீற்றர் திரவம், 9 லீற்றர் தண்ணீர். வாசனை சேர்த்த, கூழ் மாதிரித் தடித்த வகையை வாங்காதீர்கள். கிணற்றுக்குப் போடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் டி.சி.எல். தூள் கிடைத்தால் இன்னும் மலிவு, அதில் குளோரின் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும் என்பதால் 10 லீற்றருக்கு 150 கிராம் போட்டால் மேலே சொன்ன அதே பலம் வரும். கரைத்து, வெள்ளைச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். பையைத் திறந்து மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்த தூளில் பலம் இருக்காது, நம் காலநிலையில் இது சீக்கிரமே நடக்கும்.

பிளாஸ்டிக் சாடியை இதில் முழுக்க மூழ்கும்படி 10 நிமிடமாவது, செடி செத்த சாடியை அரை மணித்தியாலம் வைத்திருங்கள். மிதந்தால் மேலே ஒரு கல்லை வையுங்கள், காற்றுக் குமிழ் நிற்கும் இடத்தில் மருந்து படாது. கலவையை அன்றைக்கன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள், கலங்கியதும் மாற்றுங்கள். எடுத்த பிறகு இரண்டு தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

மண் சாடிக்கு எனக்குக் குளோரினை விடச் சுடுதண்ணீரில்தான் நம்பிக்கை. மண் சாடி உறிஞ்சும், கிருமியும் அதன் நுண்துளைக்குள் போயிருக்கும், குளோரின் உள்ளே போகப் போகப் பலம் குறைந்துவிடும், வெளியே கொண்டுவரவும் நேரமெடுக்கும். சூடு ஓட்டின் உள்வரை போகும். தாவர நோய்ப் பூஞ்சணம், பக்டீரியா, வட்டப்புழு எல்லாவற்றிலும் பெரும்பாலானவை 60 பாகையில் 30 நிமிடம் இருந்தால் செத்துவிடும். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறதே, சூடு பற்றுமா என்று ஒருவர் கேட்டது ஞாபகம். நல்ல கேள்வி, கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஆனாலும் நமக்குத் தேவையானதை விட அது மிக அதிகம். தக்காளி, கறிமிளகாயில் வரும் புகையிலைத் தேமல் வைரசு மட்டும் சூட்டுக்குப் பிடிவாதமானது, தேமல் வந்து செத்த சாடியானால் குளோரினில் போடுங்கள்.

பாதியாக வெட்டிய இரும்புப் பெரலில் சாடிகளை அடுக்கி, பச்சைத் தண்ணீர் ஊற்றி, பிறகுதான் அடுப்பை மூட்ட வேண்டும். குளிர்ந்த சாடியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வெடிக்கும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சி இருந்தால் விறகுக்குச் செலவில்லை. அடியிலிருந்து சின்னக் குமிழ்கள் விடாமல் மேலே வரும் நிலைக்கு வந்ததும் அரை மணித்தியாலம் அப்படியே வைத்து, நெருப்பை இழுத்துவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். பெரல் இல்லாவிட்டால் குளோரினில் அரை மணித்தியாலம் வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் ஒரு இரவு ஊறவிட்டு, வாசனை போகும் வரை உலர்த்துங்கள். இரண்டு வழியிலும், நடும் அன்று மண் சாடியைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள மறக்க வேண்டாம், காய்ந்த ஓடு புது மண்ணின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும். மெல்லிய பிளாஸ்டிக்கையும் யோகட் கப்பையும் கொதிநீரில் போடாதீர்கள், வளைந்துபோகும்.

ரெஜிபோம் தட்டை எறிந்துவிடுங்கள், உங்கள் விஷயத்தில் அதற்கு இரண்டாவது யோசனையே இல்லை. வேர் அதன் மணிகளுக்கிடையில் நுழைந்திருக்கும், அங்கே பிரஷும் போகாது. நோய் வராத தட்டானால் கழுவிக் குளோரினில் முக்கி இன்னும் ஒரு தடவை பாவிக்கலாம். ஒரு தடவை பாவித்த பொலித்தீன் பையையும் கழுவிக்கொண்டிருக்க வேண்டாம்.

வேறு மருந்துகளையும் கேட்பார்கள். கொண்டிஸ் தூள் (பொட்டாசியம் பெர்மாங்கனேற்று), துருசு (செப்புச் சல்பேற்று), போர்மலின் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கொண்டிஸ் மண்ணைத் தொட்டவுடன் குளோரின் மாதிரியே பலம் போய்விடும். துருசு பூஞ்சணத்தில் சிலதைத்தான் அடக்கும், ஓடையில் கலந்தால் மீன் செத்துவிடும். போர்மலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள், வீட்டுக்குள் வரவே கூடாது. ஒரு காலத்தில் தேயிலைத் தவறணை மண்ணுக்கு வட்டப்புழுவைக் கொல்ல மெதைல் புரோமைடு வாயு விட்டார்கள், ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்பதால் மொன்றியல் உடன்படிக்கையின்கீழ் 2015க்குள் நம்மைப் போன்ற நாடுகளும் அதை மண்ணுக்குப் போடுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் மட்டும் 70 சதவீத ஸ்பிரிட் துடைப்பு நல்லது, ஒவ்வொரு செடிக்கும் இடையில் துடையுங்கள்.

சாடி சுத்தமாகிப் பழைய மண்ணையே திருப்பிப் போட்டால் செய்த வேலை எல்லாம் வீண். புதுத் தும்புத்தூள், நன்றாக மக்கிய கூட்டெரு, நோய் வராத இடத்து மண் எடுங்கள். மண்ணை அவிப்பதானால் பிட்டு அவிக்கிற மாதிரி ஆவியில், 60இலிருந்து 80 பாகைக்குள், அரை மணித்தியாலம். அதற்கு மேல் வேகவைத்தால் மண்ணில் அமோனியாவும் மங்கனீசும் வெளிப்பட்டு நாற்றைச் சுடும், அமிலம் கூடிய நம் தேயிலை மண்ணில் மங்கனீசுத் தொல்லை இன்னும் கூட.

கழுவிய சாடியை மண்தரையில் வைக்காதீர்கள், மழைத்துளி தெறித்தாலே சேறு ஏறிவிடும். பலகை மேல் கவிழ்த்து வைத்தால் தண்ணீரும் தேங்காது, நுளம்பும் முட்டையிடாது. 2017இல் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, சாடிக்கு அடியில் வைக்கும் தட்டும் நிமிர்த்தி வைத்த வெற்றுச் சாடியும் அந்த நுளம்புக்குத் தொட்டில் மாதிரி.

இனி, கழுவிய தண்ணீர். இதை யாரும் கேட்பதில்லை, எனக்கு இதுதான் பெரிய கவலை. மலையில் எதுவும் நின்ற இடத்தில் நிற்காது. மேல் லயத்து வாசலில் நீங்கள் கழுவும் சேற்றுத் தண்ணீர் கான் வழியாகக் கீழ் லயத்துக்காரரின் கறிமிளகாய்ப் பாத்திக்கும், அங்கிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து யாரோ ஒருவரின் உருளைக்கிழங்குக் காணிக்கும் போகும். ரால்ஸ்டோனியா தண்ணீரில் பயணம் செய்து பரவுகிற கிருமி. செத்த செடி, பழைய மண், முதல் கழுவல் தண்ணீர், மூன்றையும் பீலிக்கும் பாத்திக்கும் தள்ளி, ஆழமாக வெட்டிய ஒரு குழியில் போட்டு மூடுங்கள். அந்தச் செடியைக் கூட்டெருக் குவியலில் போட வேண்டாம், வீட்டுக் குவியல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சூடாகாது. மீந்த குளோரின் தண்ணீரை வாயகன்ற வாளியில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், ஓரிரு நாள் வெளிச்சத்தில் வைத்துப் பலம் குறைந்த பிறகு அதே குழியில் ஊற்றுங்கள், ஓடையில் ஊற்றவே கூடாது. வேலை முடிந்ததும் பிரஷ், வாளி, செருப்பு, உங்கள் கை எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் நாற்றுப் பக்கம் போக வேண்டும்.

சாடிகள் தயாரானதும், தக்காளி செத்தவற்றின் அடியில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். என் விருப்பத்தைக் கேட்டால் இந்த வருசம் புள்ளி வைத்த சாடியில் கறிமிளகாயும் வேண்டாம், ஜெரேனியமும் வேண்டாம், லீக்ஸ் அல்லது வெங்காயம் வையுங்கள், அவற்றை இந்த வாடல் பிடிக்காது. அம்மாவின் ஜெரேனியத்துக்குப் புதிதாக நாலு சாடி வாங்குவது பெரிய செலவில்லை. கிளாஸ் சோதனையில் பால் இறங்கி, வாசலுக்குப் பக்கத்திலேயே உருளைக்கிழங்குப் பாத்தியும் இருந்தால், விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்து எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தமிழில் பேசலாம்.